தார் போடாத வீதி

பளை
14.09.2025

தயாளினிக்கு,

போனில் கதைத்தால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பளையிலிருந்து புளியங்குளத்துக்கு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம். ஆனால் வர மனமில்லை. கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் திரும்ப எடுத்து வாசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் எங்கள் வேலைக் காம்பில் ஒருவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணை, இது உங்கட மனிசி தானே?" என்று கேட்டான். பிரதேச சபையின் பேஸ்புக் பக்கம். நீ எங்கள் விளாத்திமடு வீதியோரத்தில் குந்தியிருந்து வெட்டிவேர்ப் புல் நடுகிறாய். பக்கத்தில் அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிருஷன். அவரும் குந்தியிருந்து மண்ணை அமத்துகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். கீழே "பெண்கள் பேணும் பசுமை வீதி" என்று எழுதி, ஊர் உலகமெல்லாம் இதயம் போட்டிருக்கிறது. நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

திருவிழாவுக்கு நான் சொல்லாமல் வந்த அன்றைக்கு, விறாந்தையில் நான் இருக்கிற கதிரையில் அவர் இருந்தார். கையில் தேத்தண்ணி. அதுவும் வெளியில் எடுக்காமல் அலுமாரியில் வைத்திருந்த புதுக் கோப்பையில். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ அண்ணை" என்றார். என் வீட்டுக்கு என்னை வரச்சொல்ல அவர் யார்? அன்றைக்கு நான் கத்தியது சரி என்று சொல்லவில்லை. விடிய வெளிக்கிட்டுப் போனதும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகுதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கிரேடர் ஓட்டுகிறவன். மண்ணைச் சீவி, நிரவி, வீதிக்கு உருவம் கொடுப்பது என் தொழில். உன் படலைக்கு முன்னால் போகிற வீதியை எப்படிப் பராமரிப்பது என்று நீ கேட்க வேண்டிய ஆள் நான். நீ கேட்டது அவரிடம். அவர் கம்பஸ் படித்தவர், யாழ்ப்பாணத்தார், உன் வீட்டார் உனக்குப் பார்த்திருக்கக்கூடிய ஆள். நான் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினவர்களின் பிள்ளை. உன் அப்பா இன்றைக்கும் என் பெயரைச் சொல்வதில்லை, "அந்தப் பொடியன்" என்றுதான் சொல்கிறார்.

மாதர் சங்கத் தலைவி வேலையை விடு. வேறு யாராவது செய்யட்டும். விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

வினோதன்


விளாத்திமடு
20.09.2025

கஜனியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சரி, இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரமும் கோபம்தான் வந்தது.

நான் உங்களிடம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது கேட்டேன். நீங்கள் கட்டிலில் படுத்திருந்து போனில் மெசின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். பெண்கள் சேர்ந்து வீதியைப் பார்க்கப் போகிறோம், எங்கே தொடங்கலாம் என்று கேட்டேன். "மம்பட்டியால ரோட்டுப் போட ஏலாது, விடு" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் சபைக்குப் போய்க் கேட்டேன். நிருஷன் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த பெரிய காரியம்.

நாங்கள் ஏன் தொடங்கினோம் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னால் வீதியோரப் புல்லுக்கு மருந்தடிப்பார்கள். புல் கருகிவிடும். பிறகு பெக்கோ மெசினால், தண்ணீர் ஓடுகிற ஓரக் கானை வெறும் மண்ணாகச் சுரண்டுவார்கள். முதல் மழைக்கே ஓரம் இடிந்து போகும். திரும்பக் காட்டு மேட்டை வெட்டி ரிப்பர் லொறியில் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுத்த வருடமும் அதே கதை. போன வருடம் மருந்தடித்த கிழமையே மழை பெய்து, தண்ணீர் முழுவதும் மதகடிக்கு வந்தது. அதில் விளையாடின பிள்ளைகளின் காலெல்லாம் கொப்பளம். அதில் ஒரு பிள்ளை உங்கள் பிள்ளை. வவுனியா ஆஸ்பத்திரியில் கஜனியோடு இருந்தது நானும் மாமியும். நீங்கள் அப்போது வேறு ஊரில் வீதி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது நாங்கள் மருந்து அடிப்பதில்லை. புல்லைக் கையால் வெட்டி, வேரை விட்டுவிடுகிறோம். ஓரத்துக்கு ஒதுங்கின கிரவலை வாரித் திரும்ப நடுவுக்குப் போடுகிறோம், காட்டு மேட்டைத் தொடுவதில்லை. இடிகிற இடங்களில் வெட்டிவேர் நடுகிறோம். மருதமரங்களில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. இதில் சிரிக்கிற விஷயம் வந்தால் சிரிக்கிறோம். அன்றைக்கு நிருஷன் நட்ட புல் தலைகீழாக இருந்தது. அதற்குத்தான் சிரித்தேன்.

பொறாமையைப் பற்றி நீங்கள் எழுதலாம் என்றால் நானும் எழுதுகிறேன். லீவில் வந்தால் நீங்கள் கதைப்பது அந்த மஞ்சள் மெசினைப் பற்றித்தான். அதன் பிளேட், அதன் சத்தம், அதைத் துடைக்கிற துணி. எனக்குக் காய்ச்சல் என்று சொன்ன அன்றைக்கு, மெசினுக்கும் சுகமில்லை என்று சொன்னீர்கள். அது இரும்பு என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

சங்கத்தை விடமாட்டேன். வீடு திறந்துதான் இருக்கிறது.

தயாளினி


பளை
05.10.2025

தயா,

உன் கடிதத்துக்கு நான் சண்டை போடப் போவதில்லை. சந்தோஷமான விஷயம் ஒன்று இருக்கிறது.

எங்கள் முதலாளி விளாத்திமடு வீதியைத் தார் வீதியாக்க சபைக்கு விலை போட்டிருக்கிறார். நான் அந்த ஊர் என்று தெரிந்ததும் கூப்பிட்டுக் கதிரை தந்து தேத்தண்ணியும் தந்தார். வீதி எப்படி, மதகு எப்படி, ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு வருடத்தில் அவர் என்னோடு இருந்து கதைத்தது அன்றைக்குத்தான். நானும் மனம் விட்டுக் கதைத்தேன்.

யோசித்துப் பார். ஏ9 சந்தியிலிருந்து குளக்கட்டு வரை கறுப்பாக, நேராக ஒரு வீதி. அதை நிரவப்போவது நான். என் மெசின் எங்கள் படலைக்கு முன்னால் நிற்கும். உன் அப்பா கிளிநொச்சியிலிருந்து வந்தால் தூசி படாமல் வந்து இறங்கலாம். இது யார் போட்ட வீதி என்று அவர் கேட்க வேண்டும், நீ சொல்ல வேண்டும்.

அகலமாக்குவதற்கு ஓரத்து மருதமரங்கள் சிலது போகும். அதற்கு என்ன செய்வது. புல் நட்டு வீதி காப்பாற்றலாம் என்று உனக்குச் சொன்னவர், அந்தப் புல்லுக்கு மேலால் நெல் ஏற்றின லொறி போனால் என்ன நடக்கும் என்று சொன்னாரா?

இன்னும் வருகிறாரா அவர்? அம்மாவைக் கேட்டேன் என்று சொல். அம்மா போனை எடுப்பதில்லை.

வினோதன்


விளாத்திமடு
26.10.2025

வினோதனுக்கு,

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. என்ன நடந்தது என்று யாராவது உங்களுக்குத் திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

சபைத் தவிசாளர் வந்திருந்தார். ஊர் முழுவதும் வந்திருந்தது. முதலில் வீரகத்தி அண்ணை எழும்பித் தார் வீதிதான் வேண்டும் என்றார். நெல் ஏற்ற லொறி வருவதில்லை, மாரியில் அவருடைய மோட்டார் சைக்கிள் புதைகிறது, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு நிரம்பாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போனது.

பிறகு தவிசாளர் ஒரு முறைப்பாடு வந்திருப்பதாகச் சொன்னார். உங்கள் முதலாளியின் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வந்ததாம். வீதி வேலையை மாதர் சங்கத்துக்குக் கொடுத்ததில் ஒழுங்கு இல்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் சங்கத் தலைவியின் வீட்டுக்கு அடிக்கடி போய்வருகிறார், புருஷன் இல்லாத நேரம் விறாந்தையில் இருந்து புதுக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறார் என்று. அவர் வாசித்து முடிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மெல்லச் சிரித்தாள்.

புதுக் கோப்பை. அதைக் கண்டவர்கள் நான்கு பேர். நான், மாமி, நிருஷன், நீங்கள்.

நிருஷன் முகம் வெளுத்து நின்றார். அப்போது பின்வரிசையிலிருந்து மாமி எழும்பினா. கூட்டங்களில் உங்கள் அம்மா வாயே திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். எழும்பி, தவிசாளரைப் பார்த்துத்தான் சொன்னா.

"அவர அந்த நாற்காலியில ஒக்கார வச்சது நான்தாங்க. தேத்தண்ணி குடுத்ததும் நான்தான். மருமக அப்ப ரோட்டுல புல்லு நட்டுக்கிட்டு இருந்திச்சி. இது என் மகன் வாயிலருந்து வந்த கதைன்னு எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லல, எரிச்சல்ல பேசியிருக்கான். ஆனா அதக் கேட்டு எழுதுனவன் வேணும்னுதான் எழுதியிருக்கான்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டா. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நெடுநேரம் அழுதா. உங்கள் பெயரை ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டி வந்ததற்காக அழுதா, எனக்காக அல்ல. அதையும் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தார் போடும் விஷயம் மாரி முடியும் வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை வீதி சங்கத்தின் பொறுப்பில். நிருஷன் தானாகவே இடமாற்றம் கேட்டுவிட்டார். நெளுக்குளத்தில் அவருக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றுபோனதாகக் கேள்வி. உண்மையா தெரியாது. நான் விசாரித்தால் அதற்கும் ஒரு கதை வரும்.

கொப்பளம் வந்த பிள்ளைகளின் தாய்மார் சிலர் இந்தக் கிழமை சிரமதானத்துக்கு வரவில்லை. அவர்களுடைய புருஷன்மார் விடவில்லையாம்.

இப்போதைக்கு வரவேண்டாம்.

தயாளினி


பளை
02.11.2025

தயா,

நான் எழுதவில்லை. கதைத்தேன், அவ்வளவுதான். முதலாளி கேட்டார், மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. அவர் அதைப் பேப்பரில் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

இதைத் திரும்ப வாசித்தேன். நியாயம் சொல்வது போலத்தான் இருக்கிறது. வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

அம்மா சாப்பிடுகிறாவா?

வினோதன்


விளாத்திமடு
06.12.2025

கஜனியின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, விறாந்தைப் படியோடு நின்றுவிட்டது. மாமி சாப்பிடுகிறா. ஊருக்குள் போன் வேலை செய்யாத நாட்களில் நீங்கள் சந்திக் கடைக்குப் போன் எடுத்து எங்களை விசாரித்ததாகச் சொன்னார்கள்.

நேற்று தவிசாளர் வீதியைப் பார்க்க வந்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். போன மாதம் நீங்கள் சபைக்குப் போனீர்களாம். ஆட்கள் நிறைந்திருந்த கந்தோரில், எல்லாரும் கேட்க, அந்த முறைப்பாட்டில் இருப்பது நீங்கள் எரிச்சலில் கதைத்த கதை, அதில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னீர்களாம். எழுதித் தரச்சொன்னபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களாம். எனக்கு இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. மாமிக்குச் சொன்னேன். போய்க் கோழிக்குத் தீன் போட்டா. ஆனால் நேற்று இரவு உங்கள் நம்பரைப் போட்டுத் தரச்சொன்னா, லைன் கிடைக்கவில்லை.

அதனால் என் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நிருஷனுடைய தாய்க்கு யார் போய்ச் சொல்வது?

இனி வீதி. மேல்பக்கம், தொடக்கத்தில் புல் நட்ட இடமெல்லாம் அசையவில்லை. தண்ணீர் புல்லுக்கு மேலால் போய்க் காட்டுக்குள் இறங்கிவிட்டது. ஆனால் மதகடியில் கடைசியாக நட்ட புல் வேர் விடவில்லை, முழுவதும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வீதி நடுவால் கிழிந்து கிடக்கிறது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம். வீரகத்தி அண்ணை வந்து பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

புயலுக்குப் பிறகு சபைக்கு வந்த உதவியெல்லாம் பாலங்களுக்குப் போகிறது. தார் அடுத்த வருடமும் இல்லை என்று தவிசாளர் சொன்னார். ஆகவே எங்களைத் தவிர யாரும் அந்தக் கிழிசலை மூடப்போவதில்லை. நாங்கள் கிரவலை வாரிப் போட்டோம், அடுத்த மழைக்குத் திரும்பக் கரைந்தது. என்ன பிழை செய்கிறோம் என்று தெரியவில்லை.

சித்திரையில் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். எங்கே தொடங்கலாம்?

தயாளினி


பளை
11.12.2025

அன்பின் தயா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். பிறகு சிகரெட் பெட்டி மட்டையில் மதகடியைக் கீறிப் பார்த்தேன். அந்த இடம் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் நடுவை மட்டமாக விட்டிருக்கிறீர்கள். மட்டமான வீதியில் தண்ணீர் நிற்கும், நிற்கிற தண்ணீர் வழி தேடி நடுவால் கிழிக்கும். நடு, ஆமை முதுகு மாதிரி உயர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கிரேடர் வேண்டியதில்லை, சபையிடம் இருக்கிற ரக்டருக்குப் பின்னால் கட்டுகிற பிளேட் போதும். இரண்டாவது, கானை மதகு வரை ஒரே நேராக ஓட விடவேண்டாம். இடையிடையே கிளை வெட்டித் தண்ணீரைக் காட்டுக்குள் திருப்பிவிடுங்கள். சேர்ந்து வருகிற தண்ணீர்தான் இடிக்கும், பிரிந்து போகிற தண்ணீர் ஒன்றும் செய்யாது. மூன்றாவது, புதுப் புல்லுக்கு மேலால் தும்புப் பாய் விரித்து ஆப்பு அடியுங்கள். வேர் பிடிக்கும் மட்டும் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பிறகு தானே உக்கிப் போகும். பளையில் தென்னந்தோட்டமும் தும்பும் நிறைய இருக்கிறது. நான் கொண்டுவருகிறேன்.

புல் நட்டது பிழையில்லை. மேல்பக்கம் நின்றது என்று நீ எழுதினதை வாசித்தபோது எனக்கு உண்மையாகச் சந்தோஷம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

இப்போது நான் கிரேடர் ஓட்டுவதில்லை. சபைக்குப் போன விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. தண்ணிப் பவுசரைத் தந்திருக்கிறார். தூசிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு திரிகிறேன். மெசினை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான். அவன் அதில் ஏறுவதைப் பார்க்கும்போது, விறாந்தையில் என் கதிரையில் நிருஷன் இருந்ததைக் கண்ட மாதிரியே இருக்கிறது. அது இரும்புதான் என்று நீ சொல்வாய்.

நிருஷனுடைய வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. தாய் படலையைத் திறக்கவில்லை. படலைக்கு வெளியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டாவா தெரியாது. கலியாணம் நின்றது உண்மைதான்.

பொங்கலுக்கு லீவு கிடைக்கும். வரலாமா என்று கேட்டு எழுதுகிறேன். இந்த முறை சொல்லாமல் வரமாட்டேன்.

வினோதன்


விளாத்திமடு
25.01.2026

அன்பின் இவருக்கு,

பொங்கல் லீவு முடிந்து நீங்கள் பஸ் ஏறின அன்றைக்கே எழுத நினைத்தேன். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் கடிதம்.

மதகடி நன்றாக இருக்கிறது. தைமழை ஒன்று பெய்தது. நான் குடையோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி, நீங்கள் வெட்டின கிளைக் கானால் காட்டுக்குள் போனது. தும்புப் பாய்க்கு நடுவால் புல் எட்டிப் பார்க்கிறது. வீரகத்தி அண்ணை அதன் மேலால் மோட்டார் சைக்கிளில் வந்து, நின்று, "தார் எண்டா இன்னும் நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. வராமல் நின்ற தாய்மாரில் இரண்டு பேர் திரும்ப வந்துவிட்டார்கள். மற்றவர்கள் வரவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

புதுத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுமித்திரா நல்ல பிள்ளை. அவவில் ஒரு குறையும் இல்லை. வேலை நடந்த நாளெல்லாம் அவ உங்களுக்குப் பக்கத்தில் நின்று, நூல் பிடித்து மட்டம் பார்த்தா. நீங்கள் ரக்டரை நிறுத்தி இறங்கி, பிளேட்டை எந்தச் சரிவில் வைப்பது என்று அவவுக்கு மண்ணில் கீறிக் காட்டினீர்கள். அவ கேட்டுக்கொண்டே இருந்தா. நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பத்து வருடமாக என்னிடம் அவ்வளவு கதைத்ததில்லை. அவ ஏதோ சொல்ல நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாமி கண்டுவிட்டா. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டா.

எனக்கு எரிந்தது. நெஞ்சுக்குள் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். எனக்கு வயிற்றுக்குள் எரிந்தது. சோறு இறங்கவில்லை என்று நீங்கள் முதல் கடிதத்தில் எழுதினீர்கள். அன்றைக்கு நான் அதை வாசித்துவிட்டு நடிப்பு என்று நினைத்தேன். நடிப்பில்லை.

ஒரு பிழையும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிகிறது. அது வேறு, இது வேறு.

நான் இதை மாமியிடம் சொல்லவில்லை. சங்கத்தில் சொல்லவில்லை. கிணற்றடியில் யாராவது கேட்டாலும் சொல்லமாட்டேன். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களால் வந்தது. நீங்களும் திருவிழா அன்றைக்கு இப்படி எனக்குச் சொல்லியிருக்கலாம். கத்தாமல், முதலாளியிடம் போய்க் கதைக்காமல், "தயா, எனக்கு எரியுது" என்று சொல்லியிருந்தால், நிருஷனை வரவேண்டாம் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் வந்து உங்களுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். இன்றைக்கு நிருஷனுடைய கலியாணமும் நடந்திருக்கும்.

மாசியில் குளக்கட்டுப் பக்கம் வேலை தொடங்குகிறோம். பிளேட்டுக்கு நீங்கள்தான் வேண்டும் என்று சுமித்திரா சபையில் கேட்டிருக்கிறா. வாருங்கள். அவவும் வருவா, நூலும் பிடிப்பா, நீங்களும் மண்ணில் கீறிக் காட்டுவீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவர மாட்டேன். மண்வெட்டியோடு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பேன், எனக்கும் சொல்லித் தாருங்கள்.

தயா